அநாதையில் திறக்காத பொட்டலம்

‘திறந்து பார்த்தேன்’ என்ற கட்டத்தில் குறி போட்டுக் கையெழுத்திட்டேன். நான் திறந்து பார்க்கவில்லை.

இதுதான் என் குற்றம். கேட்டால் சிரிப்பீர்கள். இதற்காகவா ஒரு மனிதன் இரண்டு வருடமாகத் தூக்கம் கெட்டுக் கிடக்கிறான் என்பீர்கள். கொஞ்சம் பொறுங்கள்... முழுவதும் கேட்டுவிட்டுச் சிரியுங்கள்.

நான் படித்தது ஆறாம் வகுப்பு வரை. தமிழ் நன்றாக வாசிப்பேன். ஆங்கிலத்தில் எழுத்துக் கூட்டத் தெரியும், அவ்வளவுதான். மாசாய் என்ற ஊரில் நிலப்படங்கள் வரைந்து கொடுக்கும் ஒரு சிறிய அலுவலகத்தில் வேலை. முன்பெல்லாம் தாளில் அச்சடித்த படங்களைச் சுருட்டிக் குழாயில் போட்டு, மோட்டார் சைக்கிளில் கொண்டுபோய்க் கொடுப்பேன். பிறகு எல்லாம் கணினிக்குள் போய்விட்டது. முதலாளி என்னை வேலையை விட்டு அனுப்பவில்லை. “குழாய்ல போட்டத இனி ஜிப் ஃபைல்ல போடு, ஆறுமுகம்” என்றார். அந்த நன்றியை நான் எப்படித் திருப்பிக் கொடுத்தேன் பாருங்கள்!

ஒரு படம் என்பது ஒரே கோப்பு அல்ல. சுவர் ஒரு படத்தில் இருக்கும், கால்வாய் இன்னொன்றில், மண்ணுக்கு அடியில் கிடப்பவை வேறொன்றில். எல்லாவற்றையும் ஒரு தலைப்படம் தன்னோடு கோத்து வைத்திருக்கும். வாடிக்கையாளருக்கு அனுப்பும்போது அத்தனை துணைப் படங்களையும், எழுத்துருக்களையும் சேர்த்து ஒரே பொட்டலமாகக் கட்ட வேண்டும். ஒன்று விடுபட்டாலும் அந்த இடம் அங்கே வெறுமையாகத் தெரியும். வெறுமையாகத் தெரியும் என்றா சொன்னேன்? இல்லை... அங்கே ஏதோ இருந்தது என்பதே தெரியாது!

படம் வரைபவள் சாந்தினி. என்னைவிடப் பதினைந்து வயது இளையவள். என் வேலையைத் தமிழில் ஏழு வரிகளாக எழுதி என் மேசையில் ஒட்டித் தந்தாள். ஏழாவது வரி, ‘அநாதையில் திறந்து பார்.’ அனுப்பும் படிவத்தில் ஒவ்வொரு வரிக்கும் குறி போட ஒரு கட்டம்.

அநாதை என்பது ஒரு பழைய மடிக்கணினி. அலுவலகக் கணினிகள் எதனோடும் அதற்கு இணைப்பில்லை. “நம்ம மெஷின்ல திறந்தா எல்லாம் முழுசாத்தான் தெரியும் அண்ணே. இல்லாதத எங்கேயாவது தேடிப் புடிச்சுக் காட்டிரும். அநாதைக்கு யாரும் இல்ல பாருங்க, அதான் உண்மையச் சொல்லும்” என்பாள்.

அந்த மதியம் மழை. கெலாங் பாத்தாவில் ஒரு கிடங்கு எழுப்பப் போகிறார்கள். நிலத்தில் இப்போது மேலும் கீழும் என்னென்ன இருக்கின்றன என்பதைக் காட்டும் படம் நாங்கள் கொடுக்க வேண்டியது. பொட்டலம் கட்டினேன். பட்டியலில் ஒரு வரிக்குப் பக்கத்தில் மஞ்சள் முக்கோணம் வந்தது. ஆங்கிலத்தில் ஏதோ கேட்டது. மஞ்சள் முக்கோணத்தை முன்பும் பார்த்திருக்கிறேன். ஏதாவது எழுத்துருவாக இருக்கும், வாடிக்கையாளரின் சின்னமாக இருக்கும் என்று நினைத்தேன். நினைத்தேனா... நினைக்க விரும்பினேனா?

அநாதையில் திறந்திருந்தால் தெரிந்திருக்கும். அதை முதலாளி கூட்ட அறைக்குள் எடுத்துப் போயிருந்தார். கண்ணாடிக் கதவு. உள்ளே வேறொரு வாடிக்கையாளரின் ஆட்கள் நான்கு பேர், எல்லாரும் ஆங்கிலம். சாந்தினியும் உள்ளேதான். நான் கதவைத் தட்டியிருக்க வேண்டும். ஆறு தலைகள் திரும்பி என்னைப் பார்த்திருக்கும்.

கதவு வரை போனேன். கையை உயர்த்தினேன். யாரும் பார்க்கவில்லை. கையை இறக்கிக்கொண்டு திரும்பினேன்.

தொலைபேசி அடித்தது. கெலாங் பாத்தாக்காரர்கள், அவசரம் என்றார்கள். “யெஸ், யெஸ், நவ்” என்றேன். அனுப்பினேன். ஏழாவது கட்டத்தில் குறி போட்டேன்.

எட்டு மாதம் கழித்து, முடிந்த வேலைகளின் பொட்டலங்களைப் பெரிய சேமிப்பு வட்டில் ஏற்றி வைக்கும் நாளில், அநாதை என் மேசையில் சும்மா கிடந்தது. அந்தப் பொட்டலத்தைத் திறந்தேன். ஏன் அதை மட்டும்? எனக்குள் ஏதோ ஒன்று அந்த மஞ்சள் முக்கோணத்தை மறக்கவில்லை போலும். சாந்தினி அச்சடித்துச் சுவரில் மாட்டியிருந்த அதே படத்தில், வடகிழக்கு மூலையில் புள்ளிக்கோட்டால் ஒரு வட்டம் இருந்தது. அநாதையின் திரையில் வட்டம் இல்லை.

“இந்த வட்டம் என்னம்மா?” என்று சும்மா கேட்பதுபோல் சுவரைக் காட்டிக் கேட்டேன்.

“அதுவா அண்ணே, எஸ்டேட் காலத்துத் தண்ணித் தொட்டி. பெரிசு. மேல பலகையப் போட்டு மண்ணைத் தள்ளி மூடிட்டாங்க. சர்வேக்காரர் பென்டிரைவ்ல குடுத்தார். நான் அதுலேருந்தே கோத்துட்டேன், அடுத்த வாரம்தான் ஆபீஸ் பொது ஃபோல்டர்ல நகல் போட்டேன்.” திடீரென்று நிமிர்ந்து பார்த்தாள். “நம்ம பொட்டலத்துல வந்துச்சுல்ல?”

“வந்துச்சு” என்றேன்.

“அநாதையில பாத்தீங்கல்ல?”

“பாத்தேன்.”

“அப்பாடா! இல்லாட்டி அவங்க பாட்டுக்கு மேல சிமெண்ட் போட்டிருப்பாங்க. கொஞ்ச நாள் தாங்கும், அப்புறம் பூமாதேவி வாயத் திறந்துருவா.” சிரித்துவிட்டு வேலையைப் பார்க்கப் போனாள்.

அன்று மாலை எல்லாரும் போன பிறகு நான் செய்ததைச் சொல்கிறேன். பொதுக் கோப்புறையில் இருந்த அந்தத் துணைப் படத்தை எடுத்து, எங்கள் வட்டில் இருந்த பழைய பொட்டலத்துக்குள் சேர்த்துக் கட்டினேன். இப்போது எங்கள் நகலில் வட்டம் இருக்கிறது. நாளை யார் வந்து கேட்டாலும், நாங்கள் முழுதாக அனுப்பினோம் என்று எங்கள் வட்டு சாட்சி சொல்லும். ஆறாம் வகுப்புப் படித்தவனுக்கு அதற்கு மட்டும் எவ்வளவு மூளை!

கதவைத் தட்டாதது கூச்சம் என்று வைத்துக்கொள்ளுங்கள். இதற்கு என்ன பெயர்?

நீங்கள் கேட்பீர்கள், உடனே போய்ச் சொல்லியிருக்கலாமே என்று. கிடங்கு அதற்குள் எழும்பிவிட்டது. தரை போட்டாயிற்று. அதற்குள் கோபாலும் அங்கே வேலைக்குப் போய்விட்டான்.

கோபால் என் மனைவி பார்வதியின் தம்பி. எங்களோடுதான் இருக்கிறான். கிடங்கில் ஆள் எடுக்கிறார்கள் என்று அலுவலகத்தில் காதில் விழுந்ததை அவனிடம் சொன்னதே நான்தான்! பாரந்தூக்கி வண்டி ஓட்டுகிறான். நிறுவனத்துப் பேருந்து காலையில் எங்கள் அடுக்குமாடிக்குக் கீழே வந்து ஏற்றிக்கொண்டு போகும்.

ஒரு நாள் சாப்பிட்டுக்கொண்டே சொன்னான்.

“மாமா, எங்க ஸ்டோர்ல ஒரு மூலையில தரை பேசுது லா. வண்டி ஏறுனா ‘டொம்’முங்குது, காலிப் பீப்பா மாதிரி.”

“நீ திங்கிற சோத்துக்கு எந்தத் தரைடா தாங்கும்?” என்றாள் பார்வதி.

அவன் வாய் நிறையச் சோற்றோடு சிரித்தான். நான் பிசைந்த சோற்றைத் தட்டிலேயே விட்டேன்.

“எந்த மூலை?” என்றேன்.

“பின்னால, சூரியன் வர்ற பக்கம். ஏன் மாமா?”

“சும்மாத்தான்... சூப்பர்வைசர்கிட்ட சொன்னியா?”

“சொன்னேன். ‘தா ஆப்பா’ன்னுட்டான். அவனுக்கு எல்லாமே பரவால்ல. வெடிப்புல சிமெண்ட் பூசினாங்க. அடுத்த வாரமே மறுபடியும் வாயத் திறந்துருச்சு.”

அன்றிரவு வேறு வேலை பார்க்கலாமே என்று மெல்லச் சொன்னேன். “இப்பத்தான் லீடராப் போட்டாங்க மாமா. பின்வரிசை முழுக்க என் பொறுப்பு. நீங்க வேற!” என்றான்.

அந்த வாரமே ஒரு காரியம் செய்தேன். அதை நினைத்துச் சில நாள் நிம்மதியாக இருந்தேன் என்பதையும் சொல்ல வேண்டும். வட்டம் உள்ள முழுப் பொட்டலத்தைக் கெலாங் பாத்தா முகவரிக்கு மறுபடியும் அனுப்பினேன். தவறு நடந்தது என்று எழுதவில்லை. மூலையைப் பாருங்கள் என்று எழுதவில்லை. வழக்கமாக ஒட்டும் இரண்டு ஆங்கில வரிகள் மட்டும். அவர்களாகத் திறப்பார்கள், அவர்களாகப் பார்ப்பார்கள், என் பெயர் வராமல் தரை தோண்டப்படும்... இப்படி ஒரு கணக்கு!

‘நோட்டட், தேங்க்ஸ்’ என்று பதில் வந்தது. ஒரு நிமிடத்தில் வந்தது. அந்தப் பொட்டலம் இறங்கவே ஐந்து நிமிடம் ஆகும். எனக்குத் தெரியாதா? அதைக் கட்டியவன் நான்!

அவர்கள் திறக்கவில்லை. நான் அன்று திறக்காததைப் போலவே.

அதன் பிறகு எத்தனையோ பொட்டலங்கள் கட்டிவிட்டேன். ஒவ்வொன்றையும் அநாதையில் திறக்கிறேன், இரண்டு தரம், மூன்று தரம். “அண்ணே மாதிரி ஒழுங்கா யாரும் செய்ய மாட்டாங்க” என்று சாந்தினி புதிதாக வந்தவர்களிடம் சொல்கிறாள். காதில் விழும்போதெல்லாம் எழுந்து வெளியே போய்விடுவேன்.

கோபால் தினமும் அந்த மூலையைப் பற்றிச் சொல்கிறான். நான்தான் கேட்கிறேன். போன மாதம், வெடிப்பில் இருபது காசு நாணயத்தை வைத்தால் செங்குத்தாக நிற்கிறது என்றான். ஆட்கள் அதை வேடிக்கையாக வைத்திருக்கிறார்களாம். வேலை தொடங்கும் முன் ஆளுக்கு ஒரு தரம் காசை நிறுத்திப் பார்ப்பார்களாம்.

இன்று காலை படியில் நின்று சப்பாத்து மாட்டிக்கொண்டிருந்தான்.

“காசு இன்னும் நிக்குதாடா?” என்றேன்.

“எங்க நிக்குது? நேத்து உள்ள போயிருச்சு மாமா.” கயிற்றை இழுத்துக் கட்டினான். “வேடிக்கை என்ன தெரியுமா? விழுந்த சத்தமே கேக்கல.”

சொல்லிவிட்டு அவன் சிரித்தான்.

நான் வாயைத் திறந்தேன். கதவைத் தட்ட உயர்த்திய கை போல, அது அப்படியே நின்றது. பிறகு... நானும் சிரித்தேன். உங்களிடம் எல்லாவற்றையும் சொல்வதென்று உட்கார்ந்த பிறகு, அந்தச் சிரிப்பை மட்டும் மறைத்து என்ன ஆகப் போகிறது?

கீழே பேருந்து ஹாரன் அடித்தது. அவன் இரண்டிரண்டு படியாக இறங்கிப் போனான்.