கரகரப்பு எங்கிருந்து வந்தது

கோட்டுகால் ஊர்க்காரி ஷைனாவை ஏமாற்றுவது கஷ்டம். இறால் ஏற்றுமதி செய்யும் கம்பெனி ஒன்றில் இருபது வருடமாகச் சரக்கின் தரம் பார்க்கிறாள். பெட்டியைத் திறந்தால் மேலே இருப்பதைக் கண்டுகொள்ள மாட்டாள். கையை அடிவரை விட்டுக் கீழே கிடப்பதை எடுத்து மோந்து பார்ப்பாள். மேல் அடுக்கு பளபளவென்று இருந்தால் சந்தேகம் கூடத்தான் செய்யும். வீட்டிலும் அதே கதைதான். கணவன் ஷிபின் சரக்கு ஆட்டோ ஓட்டுகிறவன். கேட்காமல் ஒரு கிலோ திராட்சை வாங்கி வந்தால்கூட, "இப்ப எதுக்கு இது?" என்பாள்.

அவள் ஒரு காலத்தில், பாட்டுக்கு அடித்தொனி தரும் பேஸ் கிட்டார் வாசித்தவள் என்பது கம்பெனியில் பலருக்குத் தெரியாது. கல்யாணத்துக்கு முன் மாதா கோவில் பாடற்குழுவில் ஆறு வருடம் வாசித்திருக்கிறாள். பிறகு மகள் பிறந்தாள், வேலை கிடைத்தது, டிரம்ஸ் வாசித்த பையன் துபாய் போனான். கிட்டார் உறைக்குள் புகுந்து அலமாரி மேல் ஏறிவிட்டது.

போன வருடம் குழுவில் கீபோர்டு வாசித்த பெண் இங்கிலாந்துக்கு வேலைக்குப் போனதும், பொறுப்பிலிருந்த சிசிலி அக்கா வீடு தேடி வந்தாள்.

"பாட்டு அடி இல்லாம பறக்குது ஷைனா. நீ ஒண்ணு வா."

"இத்தனை வருஷம் எனக்க நினைப்பு வரல்லியா?"

"வந்துது. நீ மாட்டேன்னு சொல்லுவேன்னு பேசாம இருந்தேன்."

இந்தப் பதிலை ஷைனா நம்பவில்லை. ஆனாலும் போனாள். குழுவில் இருந்தது சாதாரண கிட்டாரின் சத்தத்தைக் கூட்டும் பெட்டி, சின்ன ஆம்ப். அவள் பேஸைச் செருகித் தடித்த கம்பியைத் தட்டியதும் உள்ளே ஸ்பீக்கர் பேப்பர் கிழிகிற மாதிரி படபடத்தது. பேஸுக்கென்று செய்த ஆம்ப் இல்லாமல் நடக்காது என்று புரிந்தது.

முதலில் டவுனில் ஒரு கடைக்குப் போனாள். அங்கிருந்த பையன் நீல விளக்கு எரியும் ஒன்றைக் காட்டி, "இதுல நாப்பது மாதிரி சவுண்டு உண்டு சேச்சி" என்றான். கிட்டாரை அவள் கையில் தராமல் அவனே வாசித்துக் காட்டினான். மெல்லிய கம்பிகளை விட்டு அவன் விரல் இறங்கவே இல்லை.

"அந்தத் தடிச்ச கம்பிய ஏன் தொடமாட்டேங்கிய?" என்று கேட்டுவிட்டு வெளியே வந்தாள்.

அடுத்தது போனில் கண்ட விளம்பரம். உதியன்குளங்கரையில் பழைய பேஸ் ஆம்ப் ஒன்று விற்பனைக்கு. வீட்டில் மட்டும் உபயோகித்தது என்று போட்டிருந்தது. போன் செய்தபோது எடுத்தவர், "மோனு வேண்டியாணோ?" என்றார். மகனுக்கு இல்லை, எனக்குத்தான் என்றாள். "உங்களுக்கா?" என்று அவர் இரண்டு தடவை கேட்டார். அந்தக் கேள்வியும் அவளுக்குப் பிடிக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் ஷிபினின் ஆட்டோவில் போனார்கள். ஆம்பை விற்கும் சதாசிவன் மின்வாரியத்தில் இருந்து ஓய்வு பெற்றவர், தனியாக இருந்தார். முன்னறையில் ஆம்பைத் துடைத்து வைத்திருந்தார். ஷைனா அதன் முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்தாள். ஸ்பீக்கரை மூடியிருந்த கம்பிவலையின் திருகுகளைப் போன் வெளிச்சத்தில் ஒவ்வொன்றாகப் பார்த்தாள். நான்கில் மூன்றுக்குத் தலை சிதைந்திருந்தது.

"இது திறந்ததாக்கும்."

"இல்ல மக்கா. நான் தொட்டதே இல்ல."

"அப்போ திருகுக்க தல எப்படித் தேஞ்சுது?"

சதாசிவன் ஷிபினைப் பார்த்தார். ஷிபின் வாசலுக்கு வெளியே பார்த்தான். "ஸ்பீக்கர் மாத்தினதுண்டு," என்றார் கடைசியில். "முன்னத்தத விட இது கொள்ளாம், நல்லதாக்கும். சொன்னா வாங்க வாறவன் பயப்படுவான், அதுதான்."

ஒரு பொய் சொன்னவர் இன்னொன்று சொல்ல மாட்டார் என்று என்ன நிச்சயம்? ஷைனா தன் கிட்டாரைச் செருகினாள். தடித்த கம்பியைப் பிடிக்காமல் தட்டினாள். தரை அதிர்ந்தது, சத்தம் உருண்டு திரண்டு வந்தது. கிட்டாரின் கழுத்தில் முதல் கட்டத்தில் விரலை வைத்து அமுக்கித் தட்டினாள். கரகரவென்றது.

"கேட்டியளா? ஸ்பீக்கர் போச்சு."

"ஜன்னலு ஆடுது" என்று சதாசிவன் கண்ணாடியைப் பிடித்தார். கரகரப்பு போகவில்லை. ஷிபின் அலமாரியை அமுக்கினான். போகவில்லை. சுவரில் இருந்த படத்தையும் கழற்றிக் கட்டிலில் வைத்தார்கள்.

"இனி என்னத்தப் பிடிக்கச் சொல்லுவிய?" என்றாள் ஷைனா.

சதாசிவன் ஆம்பை அணைத்தார். "இப்ப வாசிங்க."

கரண்டு இல்லாமல் வாசிக்கச் சொல்வதில் என்ன தந்திரம் என்று யோசித்தபடியே தட்டினாள். அவர் கிட்டாரின் மரத்தில் காதை வைத்தார். "இஞ்ச உண்டு" என்றார். நம்பாமல் தானே குனிந்து காதை வைத்தாள். மெல்ல, தெளிவாக, அதே கரகரப்பு.

"விரல இன்னும் அமுக்குங்க."

அமுக்கினாள். விரல் நுனி வெளுத்தது, மணிக்கட்டு வலித்தது. கரகரப்பு நின்றது. கொஞ்சம் தளர்த்தியதும் திரும்ப வந்தது. இருபது வருடம் சும்மா இருந்த விரலுக்குக் கம்பியைப் பிடிக்கப் பலமில்லை. முகம் சூடாகிவிட்டது அவளுக்கு.

"இந்தக் கைய வச்சு இத நோக்க முடியாது," என்றாள். "அடுத்த ஞாயிறு வாறேன்."

"பாறசாலையில இருந்து ஒருத்தன் கேட்டிருக்கான்."

"அப்போ அவனுக்குக் குடுங்க."

அப்படி ஒருவன் இல்லவே இல்லை என்றுதான் வழியெல்லாம் ஷிபினிடம் சொல்லிக்கொண்டு வந்தாள். ஆனால் அந்த வாரம் தினமும் வேலை முடிந்து வந்ததும் கையைச் சோப்புப் போட்டுக் கழுவி, அந்த ஒரு கட்டத்தையே அமுக்கி அமுக்கித் தட்டினாள். விரலில் கொப்புளம் வந்து உடைந்து தோல் தடித்தது. இறாலைப் பிடிக்கும்போது எரிந்தது.

மறு ஞாயிறு ஆம்ப் அதே இடத்தில் இருந்தது. ஒரு மணிநேரம் வாசித்தாள். சத்தத்தைக் கூட்டினாள், குறைத்தாள், பின்னால் போய்க் காது வைத்தாள். குறை சொல்ல ஒன்றும் கிடைக்காதது அவளைக் கொஞ்சம் தொந்தரவு செய்தது. பிறகு ஷிபினிடம், "தூக்குங்க" என்றாள்.

கோவில் திருநாளுக்கு இரண்டு நாள் முன்பு சதாசிவனிடமிருந்து போன் வந்தது. எந்தக் கோவிலில் வாசிக்கிறீர்கள், எத்தனை மணிக்கு என்று கேட்டார்.

"எதுக்குக் கேக்கிய?"

"சும்மாதான்."

சும்மா யாரும் கேட்க மாட்டார்கள் என்பது ஷைனாவின் எண்ணம். ஆம்பைத் திருப்பிக் கேட்கத்தான் வருகிறார் என்று முடிவுகட்டினாள். திருநாளன்று ஷிபினை ஆம்புக்குப் பக்கத்தில் நிற்கவைத்து, "இதவிட்டு நகரப்பிடாது" என்றாள். பாட்டு தொடங்கியது. கோவில் வாசலில் பைக்குகளுக்கு நடுவே சதாசிவன் நிற்பது தெரிந்தது. ஒரு கண் அவர்மேலும், ஒரு கண் தாளம் காட்டும் சிசிலி அக்காவின் கைமேலுமாக மூன்று பாட்டு வாசித்தாள்.

பூசை முடிந்ததும் அவர் நேராக வந்தார். ஷிபின் ஓர் அடி முன்னால் வந்து நின்றான்.

"சவுண்டு கொள்ளாம் மக்கா," என்றார் சதாசிவன். பிறகு கைக்கடிகாரத்தைப் பார்த்து, பஸ் போய்விடும் என்று கூட்டத்தை விலக்கிக்கொண்டு வேகமாக நடந்தார்.