வாப்பா வழியை விட்டு எழுதிய தாள்

1959ஆம் வருடம், மாசி மாதம். மாவடிப்பள்ளிப் பக்கத்து வயல்களில் முன்மாரி நெல் வெட்டு மும்முரமாக நடந்துகொண்டிருந்தது. என் காக்கா, கூடப்பிறந்த அண்ணன், வெட்டிய கதிர்க்கட்டைத் தலையில் தூக்கிக்கொண்டு வரம்பில் நடந்து வந்தவர், நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே கட்டோடு சேர்ந்து சரிந்து விழுந்தார். ஓடிப்போய்ப் பிடித்தேன். கண் திறந்திருந்தது, ஆனால் ஆள் அதில் இல்லை. ஒரு நிமிடத்தில் எழுந்து உட்கார்ந்து, உதட்டில் ஒட்டிய சேற்றைத் துடைத்துக்கொண்டு, "கட்டு பாரம்டா" என்று சிரித்தார். இருபத்து நாலு வயது. எங்கள் சாய்ந்தமருதில் அவரைப்போல் சுமை தூக்குபவர் அன்று பத்துப் பேர்கூட இருக்கமாட்டார்கள்.

நான்கு நாள் கழித்துக் கிணற்றடியில் இன்னொரு தடவை விழுந்தார். அதற்குமேல் எனக்குப் பொறுக்கவில்லை. சைக்கிள் பாரில் அவரை உட்காரவைத்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனேன்.

இங்கே என்னைப் பற்றி ஒன்று சொல்லவேண்டும். எங்கள் வீட்டில் எழுத்துத் தெரிந்த முதல் ஆள் நான்தான். எஸ்.எஸ்.சி. பாஸ் பண்ணிவிட்டு ஆசிரியர் நியமனத்துக்காகக் காத்திருந்தேன். கடிதம் வாசிக்கவும் அரசாங்கக் காணிக் கந்தோருக்கு மனு எழுதவும் அண்டை அயலெல்லாம் என்னிடம்தான் வரும். அதில் எனக்கு உள்ளூர ஒரு பெருமை இருந்தது.

டொக்டர் யாழ்ப்பாணத்துக்காரர், நடு வயது. காக்காவின் நெஞ்சில் குழாயை வைத்து வெகுநேரம் கேட்டார். குந்தச் சொன்னார், கேட்டார். எழும்பச் சொன்னார், மறுபடி கேட்டார். அப்படி ஐந்தாறு தடவை. பிறகு என்னை வெளியே கூப்பிட்டார். இளம் வயதில் இதயம் பெருத்துப் போனவர்களைப் பற்றித் தான் ஒரு கொப்பியில் குறித்து வருவதாகவும், கொழும்பில் உள்ள பெரிய இதய வைத்தியருக்கு அந்தக் குறிப்புகளை அனுப்புவதாகவும் சொன்னார். இந்த நோயில் இரண்டு மூன்று விதம் உண்டு, ஒவ்வொன்றுக்கும் மருந்து வேறு, சிலதுக்கு என்ன மருந்து என்று சீமையிலேயே இன்னும் தேடிக்கொண்டிருக்கிறார்கள் என்றார்.

"தம்பி, நீர் படிச்ச பிள்ளை. உங்கட இரத்த உறவிலே ஆர் ஆர், எந்த வயசிலே, எப்பிடிச் செத்தவை எண்டு ஒரு பட்டியல் எழுதிக்கொண்டு வாரும். திடீரெண்டு செத்தவை இருந்தால் முக்கியம். அதைப் பாத்துத்தான் மருந்தை முடிவெடுப்பன்."

எனக்குக் கொடுத்த வேலையை நான் எவ்வளவு ஆசையோடு செய்தேன் என்பதை நினைத்தால் இப்போதும் முகம் சுடுகிறது. பெரிய ட்ரோயிங் தாள் ஒன்று வாங்கி, அடிமட்டம் வைத்துக் கோடு போட்டு, எங்கள் தாய் உம்மா, அவருடைய தங்கை சாச்சி, உம்மாவின் உம்மா, அவருடைய சகோதரங்கள் என்று நான்கு தலைமுறையைக் கிளை கிளையாக எழுதினேன். எங்கள் பக்கத்தில் ஆள் எந்தக் குடி, எந்தக் குலம் என்பது தாய்வழியில்தான். கல்யாணப் பேச்சென்றாலும், பள்ளிவாசலை நிர்வகிக்கும் மரைக்காயர் தெரிவென்றாலும் தாயின் குடியைத்தான் கேட்பார்கள். ஆணும் கல்யாணம் முடித்தால் பெண் வீட்டுக்கே வந்துவிடுவான். எங்கள் தகப்பன், வாப்பாவும் அப்படி அக்கரைப்பற்றிலிருந்து வந்தவர். நான் தவழுகிற காலத்தில் வாய்க்காலில் மூழ்கி மௌத்தாகிவிட்டார். அவருடைய ஆட்கள் வேறு குடி. இரத்த உறவு என்று டொக்டர் சொன்னபோது அவர்களுடைய நினைப்பு எனக்கு வரவேயில்லை. மறைக்கவேண்டும் என்று மறைக்கவில்லை. வராத நினைப்பை எப்படி மறைப்பது?

தாளைப் பார்த்த டொக்டர் அதன் அழகைப் பாராட்டினார். எழுபது, எண்பது வயது வரை வாழ்ந்தவர்கள். இரண்டு பேர் காய்ச்சல், ஒருவர் பிரசவம்.

"இவ்வளவுதானே? வேற ஒருத்தரும் இல்லையே?"

"இல்ல சேர். எல்லாரும் இதுல இரிக்காங்க."

அப்படியென்றால் இது பரம்பரை விசயமாகத் தெரியவில்லை, சின்ன வயதுக் காய்ச்சலால் இதயம் களைத்திருக்கலாம் என்று அவர் யோசித்தார். இதயத்தைப் பலமாக அடிக்கவைக்கும் மருந்து ஒன்று தந்தார். டிஜிட்டாலிஸ் என்று பெயர். ஒரு செடியின் இலையிலிருந்து எடுப்பது. காலை ஒரு கரண்டி, பின்னேரம் ஒரு கரண்டி.

உம்மாவுக்கு மணி பார்க்கத் தெரியாது. ஆகவே சுபஹுத் தொழுகைக்குப் பாங்கு சொன்னதும் ஒரு கரண்டி, அஸர் பாங்கு சொன்னதும் ஒரு கரண்டி என்று சொல்லிக்கொடுத்தேன். உம்மா ஒரு நேரமும் தவறவிடவில்லை.

காக்கா தேறவில்லை. முன்பு சுமை தூக்கினால்தான் மூச்சு வாங்கியது, இப்போது வாசலுக்கு நடந்தாலே வாங்கியது. சோறு இறங்கவில்லை. எழுந்து நின்றால் கண் இருட்டுகிறது என்றார். எனக்கோ வீட்டில் இருப்புக் கொள்ளவில்லை. வாசல் படலைக்கும் அடுப்படிக்கும் நடப்பேன், அவருடைய மணிக்கட்டைப் பிடித்து நாடியை எண்ணுவேன், எண்ணியது சரியா என்று மறுபடி எண்ணுவேன்.

"என்னடா தம்பி, சந்தையில மாட்டுக்குப் பல்லுப் பாக்கிற மாதிரி" என்று காக்கா கையை இழுத்துக்கொள்வார். "விலை படியல்லெண்டா உட்டுட்டுப் போ."

ஒரு வாரம் போயிருக்கும். உம்மா என்னை அடுப்படிக்குக் கூப்பிட்டு, "மனே, இந்த மருந்து அவனுக்கு ஒத்துவரல்ல. குடிச்சுக் கொஞ்ச நேரத்தால நெஞ்சப் பொத்திக்கிட்டுக் கிடக்கான். ரெண்டு நாளைக்கு நிப்பாட்டிப் பாப்பமா?" என்றார்.

நான் பாய்ந்தேன். "படிச்ச டொக்டர் தந்த மருந்து உம்மா! உங்களுக்கு என்ன தெரியும்? ஒரு நேரம் உட்டீங்கண்டாலும், காக்காக்கு என்னவும் நடந்தா நீங்கதான் பொறுப்பு."

உம்மா கரண்டியைக் கழுவி வைத்தார்.

அதற்கு மூன்றாம் நாள், நோயாளியைப் பார்க்க மாமி வந்தார். வாப்பாவின் தங்கை. அக்கரைப்பற்றிலிருந்து பஸ்ஸில் வந்து இறங்கும்போதே நாலு வீட்டுக்குக் கேட்கும் குரல். காக்காவைப் பார்த்ததும் அந்தக் குரல் அடங்கிவிட்டது. கொஞ்ச நேரம் கழித்து, சுவரில் நான் ஒட்டியிருந்த தாளின் பிரதியைப் பார்த்து இது என்ன என்று கேட்டார். விளக்கினேன்.

"இதுல உன்ட வாப்பா எங்க?"

"வாப்பா வேற குடிதானே மாமி."

"ஓஹோ! அப்ப உன்ட வாப்பா என்ன, வானத்தால விழுந்தவரா? அவருக்கு உம்மா வாப்பா, கூடப்பொறந்த ஆக்கள் இல்லையா? நோயும் குடி பாத்தா வரும், படிச்ச புள்ள?"

சிரிப்பாகத்தான் தொடங்கினார். பிறகு காக்காவின் பக்கம் திரும்பி, தங்கள் மூத்த காக்காவும் இப்படித்தான் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு இருப்பார் என்றார். வாப்பாவின் அண்ணன், என் பெரிய வாப்பா. முப்பது வயதில், நெல் சூடு மிதிக்கும் களத்தில் எருமைகளின் பின்னால் ஓடியவர் அப்படியே விழுந்து மௌத்தாம். அவருடைய மகன் பதினேழு வயதில் கடற்கரையில் பந்து விளையாடும்போது விழுந்தான். ஜின் அடித்தது என்று சொன்னார்களாம்.

"உன்ட வாப்பாவும்தான். தண்ணியில தாழ்ந்து மௌத்தெண்டு சொல்றாங்க. முழங்கால் தண்ணியில ஆறடி மனிசன் தாழுவானா? குளிப்பாட்டினவங்க சொன்னாங்க, வயித்துல ஒரு சொட்டுத் தண்ணி இல்லயாம்."

நான் உம்மாவைப் பார்த்தேன். உம்மா மெதுவாக, "அது அவங்கட குடிச் சங்கதி மனே. நீ கேக்கயும் இல்ல" என்றார்.

சைக்கிளை எடுத்துக்கொண்டு பறந்தேன். சட்டைப் பொத்தான் போட்டேனா என்பதுகூட நினைவில்லை. ஆஸ்பத்திரியில் டொக்டர் இல்லை. திருக்கோவிலில் ஒரு பள்ளிக்கூடத்தில் நோயாளிகளைப் பார்க்கப் போயிருக்கிறார், இருட்டுகிற நேரம்தான் வருவார் என்றார்கள். மத்தியான லுஹர் தொழுகை முடிந்து ஆட்கள் வெளியே வந்துகொண்டிருந்தார்கள். காத்திருக்க முடியவில்லை. சைக்கிளை ஒரு கடையில் சாத்திவிட்டுத் தெற்கே போகும் பஸ்ஸில் ஏறினேன். அந்த பஸ் நிற்காத இடமில்லை. நெல் மூட்டை ஏற்ற நின்றது, கோழிக்கூடை இறக்க நின்றது, சாரதி வெற்றிலை வாங்க நின்றது. ஒவ்வொரு தடவையும் நான் எழுந்து நின்று மறுபடி உட்கார்ந்தேன். பக்கத்தில் இருந்தவர், "தம்பி, நீங்க எழும்பினா பஸ் கெதியாப் போகாது" என்றார்.

டொக்டர் பள்ளிக்கூட வாசலில் மேசை போட்டு உட்கார்ந்திருந்தார். வரிசையைத் தள்ளிக்கொண்டு முன்னால் போய், மூச்சு விடாமல் மூன்று மரணத்தையும் சொன்னேன். அவர் பேனாவை வைத்துவிட்டார்.

"மூண்டு பேரா? எல்லாரும் தகப்பன் வழி? நீர் ஏன் இதை முதலே சொல்லேல்லை?" பிறகு அவரே, "நானும் விடுத்து விடுத்துக் கேட்டிருக்கவேணும்" என்றார்.

சுருக்கமாக விளக்கினார். சில குடும்பங்களில் இதயத்தின் சுவர் தடித்துப்போய், இரத்தம் வெளியே போகும் வாசல் நெருங்கிவிடுகிறது. களைத்த இதயம் என்றால் இன்னும் பலமாக அடிக்கச் சொல்லும் மருந்து நல்லது. ஏற்கெனவே தடித்த இதயத்தை மேலும் இறுக்கினால் அந்த வாசலே அடைபடலாம். அப்படித்தான் என்று தனக்கு நிச்சயமாகத் தெரியாது, ஆனால் அப்படி இருந்தால் அந்த மருந்தில் ஒரு துளிகூடக் கூடாது.

"இனிமேல் ஒரு கரண்டியும் குடுக்கவேண்டாம். எத்தினை மணிக்கு அடுத்த நேரம்?"

அப்போதுதான் எனக்கு உறைத்தது. அஸர் பாங்கு. வீட்டில் ஒரு வார்த்தை சொல்லாமல் வந்திருந்தேன்.

வரிசையை முடித்துக்கொண்டு நேரே உங்கள் வீட்டுக்கு வருகிறேன் என்றார். நான் தெருவுக்கு ஓடி, கல்முனைக்கு நெல் ஏற்றிப் போகும் லொறி ஒன்றை மறித்து ஏறினேன். மூட்டைகளின் மேல் உட்கார்ந்திருந்தேன். வெயில் சாயச் சாய மூட்டைகளின் நிழல் நீளுவதைப் பார்த்துக்கொண்டே வந்தேன். லொறி அக்கரைப்பற்றுக்குள் நுழையும்போது பள்ளிவாசலில் பாங்கு தொடங்கியது. அங்கே சொன்னால் எங்கள் ஊரிலும் சொல்லியாயிற்று. வாழ்க்கையில் முதல் தடவையாகப் பாங்கைக் கேட்டு இரு காதையும் பொத்தினேன். அல்லாஹ் என்னை மன்னிக்கவேண்டும்.

ஒரே ஒரு நம்பிக்கைதான் இருந்தது. உம்மா தன் எண்ணப்படி நடந்திருப்பார், இன்று கொடுத்திருக்கமாட்டார்.

காரைதீவைத் தாண்டி, எங்கள் தெரு முனையில் குதித்து ஓடினேன். வாசலில் மாமி. உள்ளே பாயில் காக்கா, முகம் சாம்பல் நிறம், நெற்றியெல்லாம் வேர்வை.

"மருந்து குடுத்தீங்களா உம்மா?"

"குடுத்திட்டன் மனே." உம்மா முந்தானையால் காக்காவின் நெற்றியைத் துடைத்தார். "மாமி வேணாமெண்டுதான் சொன்னா. நீ ஏசுவாயெண்டு குடுத்திட்டன்."



அந்தி மஃரிபுக்குச் சற்று முன்னால் டொக்டரின் கார் வந்தது. அதற்குள் காக்கா ஒரு தடவை நினைவிழந்து மீண்டிருந்தார். டொக்டர் அவருடைய காலுக்குக் கீழே ஒரு நெல் மூட்டையை வைத்து உயர்த்தினார். கரண்டி கரண்டியாகத் தண்ணீர் கொடுக்கச் சொன்னார். நாடியில் விரலை வைத்தபடி அரை மணி நேரத்துக்கு மேல் தரையிலேயே உட்கார்ந்திருந்தார். நாங்கள் யாரும் அசையவில்லை. மெல்ல மெல்ல நிறம் திரும்பியது. காக்கா கண் திறந்து முதலில் கேட்டது, "இவ்வளவு பேரும் என்னத்துக்கு வந்தீங்க, விருந்தா?" என்றுதான். மாமி அழுதுகொண்டே அவரைத் திட்டினார்.

போகுமுன் டொக்டர் என்னையும் குந்தவைத்து எழுப்பிக் குழாய் வைத்துக் கேட்டார். காக்காவின் நெஞ்சில் துடிப்போடு சேர்ந்து கேட்கும் இரைச்சல் ஓசை என்னிடம் இப்போது இல்லை, ஆனால் வருடத்துக்கு ஒரு தடவை வந்து காட்டு என்றார். அந்த "இப்போது" என்ற சொல் சில நாட்களில் என்னைச் சும்மா இருக்கவிடுவதில்லை. பிறகு மாமியின் பிள்ளைகளையும் சோதித்தார், இரண்டாவது மகனிடம் அந்த ஓசை இருந்தது. அவனை மூட்டை தூக்கும் வேலையிலிருந்து நிறுத்திவிட்டார்கள்.

மருந்தை நிறுத்தி மூன்று வாரத்தில் காக்கா வரம்புவரை நடந்தார். பிறகு கொழும்புக்குப் போய்ப் படம் பிடித்து, துடிப்பைக் கோடுகளாக எழுதும் இயந்திரத்திலும் பார்த்தோம். இதயச் சுவர் தடித்திருப்பதாகத்தான் அங்கும் நினைக்கிறார்கள். இன்னும் அவர் சுமக்கக்கூடாது, ஓடக்கூடாது. வயலுக்குத் தண்ணீர் கட்டுவதோடு சரி. இதற்கு உதவும் மருந்து எது என்று டொக்டருக்கும் தெரியாது, கொழும்புக்கும் தெரியாது. உதவாத ஒன்று தெரிந்திருக்கிறது, அவ்வளவுதான் என்று டொக்டர் ஒளிக்காமல் சொல்கிறார். ஒவ்வொன்றாகச் சிறு அளவில் கொடுத்துப் பார்க்கிறார். அந்தந்த மருந்து குடித்த நாளில் ஆள் எப்படி இருந்தார் என்பதைத் தன் கொப்பியில் எழுதிக் கொழும்புக்கு அனுப்புகிறார்.

மாதம் ஒரு தடவை அந்த விபரத்தைச் சொல்ல இப்போது உம்மாவும் ஆஸ்பத்திரிக்கு வருகிறார். எந்த நாள் எத்தனை கவளம் சாப்பிட்டார், எந்த மருந்துக்குப் பிறகு சுவரைப் பிடித்துக்கொண்டு நடந்தார், எந்த நாள் படியில் நிற்காமல் ஏறினார் என்று உம்மா தன் வழியில், தன் சொற்களில் சொல்லிக்கொண்டு போவார். டொக்டர் கேட்டதால் நான் பக்கத்தில் இருந்து எழுதுகிறேன். ஒரு உயிரை ஒன்பது நாள் தள்ளாட வைத்துவிட்டுக் கற்றுக்கொண்ட பாடம் எனக்கு அதுதான்: உம்மா சொல்வதில் ஒரு சொல்லையும் நான் இப்போது திருத்துவதில்லை.