முழுச்சத்தம் அத்தானும் மகளின் பாட்டும்

என் அக்கா கணவரை, அவர் வேலை செய்யும் ஒலிப்பதிவுக் கூடத்தில் முழுச்சத்தம் என்றுதான் கூப்பிடுவார்கள். கடைகளுக்கு விளம்பர ஒலி தயாரிப்பது அவர் வேலை. எந்தப் பதிவு கிடைத்தாலும் அளவு காட்டும் விளக்கு சிவப்பாகும்வரை சத்தத்தை ஏற்றாவிட்டால் அவருக்குச் சோறு இறங்காது. கணினித் திரையில் மேடும் பள்ளமுமாக ஓடும் ஒலி அலை, அவர் கைபட்டதும் கூரையில் முட்டி உச்சி வெட்டுப்பட்டு, செங்கல் அடுக்கியது போல நிற்கும். கேட்டால் கரகரவென்று இரையும்.

கடைகளில் இருக்கும் கருவியோ எல்லாப் பதிவுகளையும் ஒரே அளவுக்குக் கொண்டுவந்துதான் ஒலிக்கவிடும். இவர் ஏற்றியதை அது பேசாமல் இறக்கிவிடும். ஏற்றம் போய், கரகரப்பு மட்டும் தங்கும்.

"மெஷினுக்குப் பொறாமை" என்பார் அத்தான். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம்.

அவருக்கு மெதுவாகப் பேசும் ஒரு மகள். இசைக் கல்லூரியில் சேர வேண்டும் என்பதைத் தவிர அந்தப் பிள்ளைக்கு வேறு நினைப்பே கிடையாது. அதற்கு ஒரு பாட்டைப் பதிந்து அனுப்ப வேண்டும். கூடத்தில் நல்ல மைக் இருக்கிறதே என்று அங்கே போய்ப் பாடினாள். முணுமுணுப்பாகத் தொடங்கி, மெல்ல மெல்ல மேலே போகும் பாட்டு.

"அப்படியே அனுப்பிடுங்கப்பா, கை வைக்காதீங்க."

பூனையைப் பாலுக்குக் காவல் வைத்த கதைதான். முணுமுணுப்பைப் பார்த்ததும் அவருக்குக் கை அரித்தது. ஏற்றினார், அசல் அழியும்படி அதன் மேலேயே சேமித்தார், அனுப்பினார்.

இடம் இல்லை என்று பதில் வந்தது. குரல் பிசிறுகிறது என்று காரணம் வேறு. பிள்ளை அழுத அழுகையில் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"கை வைக்காதீங்கன்னு அவ சொன்னாள்ல, அத்தான்?"

"அதுக்கென்ன மாப்ள, கொஞ்சம் குறைச்சா சரியாயிடும்."

குறைத்தார். அதே கரகரப்பு சின்னச் சத்தத்தில் கேட்டது. வெட்டின நகம் ஒட்டுமா?

மறு வருடம் அவளுக்கு இடம் கிடைத்தது. அத்தான் வாசலில் நின்று எதிர்வீட்டுக்காரரிடம் அளந்துகொண்டிருந்தார்.

"சத்தத்த எங்க ஏத்தணும்னு நான் சொல்லிக் கொடுத்ததுதாங்க எல்லாம்!"

உள்ளேயிருந்து மகள் வந்தாள். "நான் எதையும் ஏத்தலப்பா. என் ரூம்ல ஃபோன்ல பாடி, அப்படியே அனுப்பினேன். உங்ககிட்ட தரவே பயமா இருந்துச்சு."

வழக்கம்போல மெதுவாகத்தான் சொன்னாள். எதிர்வீட்டுக்காரர் வேறு பக்கம் பார்த்தார். அத்தான் முகம் சுண்டிப்போய்க் கொஞ்ச நேரம் தரையைப் பார்த்தார். மனுஷன் திருந்திவிட்டார் என்றே நினைத்தேன், பாவமாகக்கூட இருந்தது.

"அடடா," என்றார். "எங்கிட்ட கொடுத்திருந்தா கொஞ்சம் ஏத்தியிருப்பேனேம்மா. முதல் இடமே கிடைச்சிருக்கும்!"