சாமி மேடைக்குப் பின்னால் ஒரு குழாய்

மேல்வீட்டில் யாரோ ஃப்ளஷ் இழுக்கிறார்கள். கூரையிலிருந்து தரைவரை, என் கூடத்தின் மூலைக் குழாய் வழியாக ஒரு குட்டி அருவி இறங்கி அடங்குகிறது. அந்தச் சத்தம் கேட்டால் எனக்குக் கற்பூர வாசனை வரும்.

கோலாலம்பூர் பிரிக்ஃபீல்ட்ஸில் இந்த ஃபிளாட்டுக்கு நாங்கள் குடிவந்தபோதே அந்தக் குழாய் இருந்தது. தொடைப் பருமன், அழுக்குச் சாம்பல், இணைப்புகளில் வீங்கிய கழுத்து. சுவருக்கு அடித்த வெள்ளையையே அதற்கும் அடித்தேன். இன்னும் பெரிதாகத் தெரிந்தது. பிளாஸ்டிக் கொடி சுற்றினேன். தூசி ஏறிக் கொடியும் சாம்பலானது. என் மனைவி மட்டும் அதோடு சண்டை போடவில்லை. குழாயைச் சுவரோடு பிடித்திருந்த இரும்பு வளையத்தில் தன் குடையை மாட்டினார். அவர் இறந்த பிறகும் குடை அங்கேயே தொங்கியது.

போன வருடம், கிள்ளானில் ஒரு பெண்மணி இருக்கிறார் என்றார்கள் தெரிந்தவர்கள். ஆசிரியை. என்னைப் போலவே துணையை இழந்தவர். போனில் பேசிப் பேசி, சாயங்காலங்கள் மறுபடியும் சாயங்காலங்களாகத் தொடங்கியிருந்தன. ஒருநாள், "ஞாயித்துக்கிழமை அக்காவோட வரேன், வீட்டப் பாக்கணும்" என்றார். அவருக்கு இங்கே வாழப் பிடிக்க வேண்டும். அந்த வாரம் முழுக்க எனக்கு வேறு நினைப்பில்லை.

வீட்டை அவர் கண்ணால் பார்த்தேன், பயமாக இருந்தது. மின்சாரப் பெட்டிமேல் நாட்காட்டி. சுவர் விரிசல்மேல் அருவிப் படம். பக்கத்து ஃபிளாட்டின் ஏர்கோன் இயந்திரத்தின் முதுகு தெரியும் ஜன்னலுக்குத் திரை. மிஞ்சியது குழாய். சாமி மேடையை அதன் முன்னால் நகர்த்தினேன். பின்னால், மேலிருந்து கீழாக, ஜரிகைத் துணி ஒன்றைத் தொங்கவிட்டேன். சின்னக் கோயில்போல இருந்தது. தள்ளி நின்று பார்த்து, என்னை நானே மெச்சிக்கொண்டேன்.

வந்தார்கள். "காத்து நல்லா வருது தம்பி" என்றார் அக்கா. ஆசிரியை மல்லிகைச் சரம் கொண்டுவந்திருந்தார். முருகனுக்குச் சாத்தி, கற்பூரம் ஏற்றி, கண்ணை மூடினார். அப்போது மேல்வீட்டில் இழுத்தார்கள். முருகனின் முதுகுக்குப் பின்னால் தடதடவென்று எல்லாம் இறங்கியது.

"என்ன சத்தம் தம்பி அது?"

"மழைன்னு நெனைக்கிறேன்."

ஜன்னலில் வெயில் கொளுத்தியது. அக்கா துணியை விலக்கினார். "ஐயோ முருகா! கக்கூஸ் பைப்பு! எங்க கொண்டுபோய் சாமிய வெச்சிருக்காரு பாருடி!"

ஆசிரியை சிரித்தார். கையில் தட்டு ஆட, சுடர் ஆட, முந்தானையை வாயில் பொத்திக்கொண்டு சிரித்தார். நானும் சிரித்தேன். இந்த வீட்டில் ஒரே நேரத்தில் இரண்டு பேர் சிரித்து எவ்வளவு காலமாயிற்று என்று தோன்றியது.

"சிரிக்காத லா. பைப்ப மறைக்க சாமி. இன்னும் எத மறைக்க என்னத்த வெச்சிருக்காரோ!" என்றார் அக்கா, நாட்காட்டியை முறைத்தபடி.

அதற்குள் ஆசிரியை குடையைப் பார்த்துவிட்டார். ஊதாப் பூப்போட்ட குடை. அதற்குமேல் துணியைப் போட்டேனே தவிர, அதை எடுக்க எனக்குத் தோன்றவே இல்லை.

"யாரோடது?"

"அவங்களோடது."

தட்டைக் கீழே வைத்தார். துணியை அவரே மெதுவாகக் குடைமேல் இழுத்துவிட்டு, மடிப்பைச் சரிசெய்தார். தேநீர் குடித்தோம். அக்கா நெடுஞ்சாலை டோல் கட்டணத்தைப் பற்றிப் பேசினார்.

இப்போது முருகன் பழைய இடத்தில். குழாய் வெறுமனே நிற்கிறது, குடையோடு. அந்த ஞாயிற்றுக்கிழமைக்குப் பிறகு அவர் கூப்பிடவில்லை. நான் கூப்பிட்டபோதும் எடுக்கவில்லை. கார் நிறுத்துமிடத்தில், அக்கா வண்டியைக் கிளப்பிய பிறகு, கண்ணாடியைப் பாதி இறக்கி அவர் சொன்னதுதான் கடைசி:

"பைப்பு ஒண்ணும் பெரிய விஷயமில்ல. சாமிய மட்டும் மாத்திடுங்க. அந்தக் குடைய... எனக்காக எடுத்துடாதீங்க. வரேன்."