மதுரைக்கும் திருவனந்தபுரத்துக்கும் நடுவில் இசக்கியப்பன்

குத்துக்கல்வலசை இசக்கியப்பன் இருபத்தோரு வருஷமாக வேன் ஓட்டுகிறார். எங்கள் வடகரையிலிருந்து துபாய்க்கும் சவுதிக்கும் போனவர்களில் பாதிப்பேரைத் திருவனந்தபுரம் ஏர்போர்ட்டில் இறக்கிவிட்டவர் அவர்தான். அவர் மட்டும் அந்தக் கண்ணாடிக் கதவைத் தாண்டியதில்லை. போகும்போது பாட்டுப் போடமாட்டார். அழுகிறவர்கள் அழட்டும் என்பார். திரும்பும்போதும் போடமாட்டார், தூங்குகிறவர்கள் தூங்கட்டும் என்பார். பிறகு பாட்டுப்பெட்டி எதற்கு என்று கேட்டேன். வண்டியோடு வந்தது என்றார்.

துபாயில் வேலை பார்க்கும் என் பேரன் மன்சூருக்கு அச்சன்புதூரில் நிக்காஹ். லீவு கிடைக்காமல் இரண்டு தேதி தள்ளிப்போயிற்று. மூன்றாவதும் தள்ளினால் சஃப்ரினை வேறிடத்தில் கொடுப்பேன் என்று பெண்ணின் வாப்பா சொல்லிவிட்டார். இந்தத் தடவை நிக்காஹ் அன்று காலையில்தான் மன்சூர் வந்து இறங்கினான். நிக்காஹ் பதினொன்றரைக்கு.

டிக்கெட்டை முன்கூட்டியே போனில் அனுப்பியிருந்தான். வீட்டில் படித்தவர்கள் ஒன்பது பேர். ஒன்பது பேரும் மணியைப் பார்த்தார்கள்; ஊரைப் பார்க்கவில்லை. எனக்கு எழுத்துத் தெரியாது, என்மேல் குற்றமில்லை. ஆறரைக்கே வேன் நிறைய ஆளாகத் திருவனந்தபுரத்தில் போய் நின்றோம். ஏழு மணிக்கு மன்சூர் போன் செய்தான். மதுரையில் நின்றான்.

பேத்தி மாப்பிள்ளை ஆசிக் உடனே போனைத் தடவினார்.

“பயப்படாதீங்க பெத்தம்மா. ரெண்டு ஏர்போர்ட்டுக்கும் நடுவுல நேரா இருநூறு கிலோமீட்டர்தான். பிளேன்ல முப்பத்தஞ்சு நிமிஷம்னு போட்டிருக்கு.”

“அப்ப அதுல ஏறி வரச் சொல்லுங்க.”

“பிளேன் கிடையாது. இருந்தா முப்பத்தஞ்சு நிமிஷம்.”

நான் இசக்கியப்பனைப் பார்த்தேன். “மதுரைக்கு விடுப்பா. என் பேரனை நான்தான் கூட்டிட்டு வருவேன்.”

“விடலாம் ஆச்சி. ஆறு மணி நேரம் ஆவும். நாம அங்கன போய்ச் சேரும்போது மணி ஒண்ணு. பதினொன்றரைக்கு அச்சன்புதூர்ல யாருக்கு நிக்காஹ்?”

“நான் சொல்லுததைக் கேளு.”

“இருவத்தோரு வருஷமா கேட்டாச்சு. இன்னைக்கு ஒரு நாள் கேக்க மாட்டேன்.”

மதுரை ஏர்போர்ட்டில் கார் ஓட்டும் சிவசுப்பிரமணியன் அவருக்குப் பழக்கம். மன்சூர் என்ன சட்டை போட்டிருக்கிறான் என்று கேட்டுக்கொண்டு அவரைப் போனில் கூப்பிட்டார்.

“அண்ணாச்சி, நீலச் சட்டை, ரெண்டு பெரிய பெட்டி, முழிச்சிக்கிட்டு நிப்பாரு. நேரா அச்சன்புதூர்ல கொண்டு இறக்குங்க. டீக்குக்கூட நிறுத்தாதீங்க.”

பிறகு யாரையும் கேட்காமல் வேனைத் திருப்பினார். தென்மலை வரை நான் அவரோடு பேசவில்லை. அவர் அதைக் கவனித்ததாகவும் தெரியவில்லை. மலைப்பாதையில் இரண்டு பேர் வாந்தி எடுத்தார்கள். ஆரியங்காவில் லாரிகள் வழியை அடைத்து நின்றன. அச்சன்புதூர் சேரும்போது பதினொன்று இருபது.

மண்டப வாசலில் மன்சூர் நின்றான். வந்து முக்கால் மணி நேரமாகிவிட்டதாம். பெண்வீட்டாரோடு சேர்ந்துகொண்டு, “வாங்க, வாங்க” என்று எங்களை வரவேற்றான். இன்னும் அதே நீலச் சட்டைதான். மாப்பிள்ளைச் சட்டை எங்கள் வேனில் இருந்தது. பெண்ணின் வாப்பா கடிகாரத்தைப் பார்த்தார், எங்களைப் பார்த்தார், இமாமை உட்காரச் சொன்னார். பதினொன்றரைக்கு நிக்காஹ் நடந்தது.

பந்தியில் இசக்கியப்பனை மாப்பிள்ளைக்குப் பக்கத்தில் உட்கார வைத்து, இலை நிறையக் கறி வைக்கச் சொன்னேன்.

“இருந்தாலும் மதுரைக்குப் போயிருக்கலாம்” என்றேன்.

“போயிருக்கலாம் ஆச்சி” என்று சொல்லிவிட்டுச் சோற்றைப் பிசைந்தார்.