பற்றவைத்த முனை

ராஜபாளையத்தில் ஒரு மாடிக் கட்டடத்துக்கு இரும்புப் படிக்கட்டு வரைந்து கொடுத்தேன். நிலநடுக்கத்தில் மாடிகள் முன்னும் பின்னும் ஆடும். படிக்கட்டை இரு முனையிலும் இறுக்கினால் பிய்த்துக்கொண்டு விழும். அதனால் கீழ்முனையின் போல்ட் நகர நீளமான துளை விட்டிருந்தேன். கட்டட முதலாளி அதை வெல்டிங் வைத்து அடைத்துவிட்டு, "இந்தம்மாவுக்கு போல்ட்டு முடுக்கத் தெரியல" என்று ஊரெல்லாம் சொல்லிச் சிரித்தார்.

காத்திருந்தேன். படிக்கட்டு உறுதி என்று நான் கையெழுத்துப் போட்டால்தான் திறப்பு விழா. விழாவுக்கு அவருடைய ஸ்ரீவில்லிபுத்தூர்ச் சம்பந்தி வீட்டார் வந்து நின்றபோது, அவர்கள் முன்னாலேயே வெல்டிங்கை அறுக்கச் சொன்னேன்.

"செத்த நேரம் பொறுங்கம்மா, அவிய போகட்டும்" என்றார் முதலாளி.

"இப்பவே அறுங்க."

கிரைண்டர் பொறி அவர் பட்டுவேட்டியில் தெறித்தது. எனக்கு வயிறு குளிர்ந்தது.

ஒன்றுதான் ஆறவில்லை. மேல்மாடியில் அவருடைய அலுவலகம். நாளைக்கே பூமி ஆடினாலும், என் படிக்கட்டு அவரைப் பத்திரமாகக் கீழே இறக்கிவிடும்.