ஆறு முட்டையும் எட்டு டப்பாவும்

1. பவுடர் வேண்டாம் என்று சொன்ன நாள்

மூன்று வருட சர்வீஸில் அனுபவம் என்று எழுத என்ன இருக்கிறது என்று கேட்பீர்கள். ஜிம் டிரெய்னர் வேலையில் மூன்று வருடம் என்பது தலைமுடி கொட்டுவதற்குப் போதுமான காலம். இந்த வேலைக்குப் புதிதாக வருகிறவர்கள் அசோக்கின் கதையைத் தெரிந்துகொண்டால் கொஞ்சம் முடியாவது மிஞ்சும்.

ஆண்டர்சன்பேட்டையில் நான் வேலை செய்யும் ஜிம்முக்கு அசோக் வந்தபோது உயரம் ஐந்தடி எட்டு, எடை ஐம்பத்தொன்று. பெங்களூர் வைட்ஃபீல்டில் ஒரு குடோனில் பேக்கிங் வேலை. விடியற்காலை ரயிலில் போய் இருட்டும் நேரத்துக்குத் திரும்புவான். பெங்களூரில் ஒரு செக்யூரிட்டி கம்பெனி ஆள் எடுக்கிறது. ஹாஸ்டல், பி.எஃப். எல்லாம் உண்டு. ஆனால் ஐம்பத்தெட்டு கிலோ இல்லையென்றால் வாசலிலேயே திருப்பிவிடுவார்கள். ஏற்கெனவே ஒரு முறை திரும்பி வந்தவன். அடுத்த தேர்வு நான்கு மாதத்தில். அதோடு அவனுக்கு வயது வரம்பு முடிகிறது.

"புரோட்டீன் பவுடர் டப்பா ஒண்ணு தள்ளி வுடு தம்பி. இன்னாத்துக்கு செல்ஃப்ல அடுக்கி வெச்சிகீறேன்?" என்றார் ஓனர்.

அந்த டப்பாவின் விலை அசோக்கின் சம்பளத்தில் மூன்றில் ஒரு பங்கு. நான் மறுத்துவிட்டு சார்ட் போட்டேன். ஆறு முட்டை, ஊறவைத்த வேர்க்கடலை இரண்டு கைப்பிடி, வேகவைத்த சோயா ஒரு கிண்ணம், ரெண்டு வாழைப்பழம், ரெண்டு டம்ளர் பால், ராத்திரி கேழ்வரகுக் களியும் பருப்பும். புரோட்டீன் தொண்ணூறு கிராமைத் தொடும். மொத்தச் செலவும் பஜாரில் ஒரு பிளேட் பிரியாணி விலையைத் தாண்டாது. விடிகாலையில் வீட்டில் சாப்பாடு இறங்காது என்றான். முட்டையையும் சோயாவையும் கடலையையும் டப்பாவில் கட்டிக்கொண்டு ரயிலில் சாப்பிடச் சொன்னேன். என் புத்திசாலித்தனத்தை நானே மெச்சிக்கொண்டேன்.

2. ஐந்து வாரம், முந்நூறு கிராம்

ஐந்து வாரத்தில் ஏறியது முந்நூறு கிராம். தண்ணீர் குடித்துவிட்டு வந்திருந்தால் அதுவும் இல்லை.

எடை மெஷினைச் சந்தேகப்பட்டு இருபது கிலோ பிளேட்டை வைத்துப் பார்த்தேன். சரியாக இருபது. பூச்சி மாத்திரை வாங்கிக் கொடுத்தேன். டாக்டரிடம் அனுப்பினேன். ரத்தத்தில் ஒரு குறையும் இல்லை என்றார்.

"டெய்லி ஆறு முட்டை எடுத்துகினு போறியா?"

"போறேன் சார்."

"டப்பா காலி ஆவுதா?"

"சுத்தமா காலி ஆவுது சார்."

"அப்ப எங்கடா போவுது எல்லாம்?"

அவன் மெஷினையே பார்த்துக்கொண்டு நின்றான். ஓனர் செல்ஃபில் இருந்த பவுடர் டப்பாவைத் துடைத்து முன்னால் நகர்த்தி வைத்தார்.

3. மேரி அக்காவின் பெட்டி

மறுநாள் அவனோடு நானும் கோரமண்டல் ஸ்டேஷனில் ரயில் ஏறினேன்.

பங்காருபேட்டை தாண்டியதும் எதிரெதிர் சீட்டில் இருந்தவர்களின் மடியில் நியூஸ்பேப்பர் விரிந்தது. எட்டுப் பேர், எட்டு டப்பா. எல்லாம் ஒரே நேரத்தில் திறந்தன. தன் டப்பாவில் தானே முதலில் கை வைப்பது அங்கே மரியாதை இல்லை. டப்பாக்கள் கை மாறிச் சுற்றின. அசோக்கின் டப்பா அவனிடம் திரும்பி வந்தபோது அதில் நாலு கடலையும் உப்புத் தண்ணீரும் இருந்தன. அவன் கைக்குக் கிடைத்தது கொஞ்சம் சித்ரான்னம், அரை இட்லி, ஊறுகாய்.

நடு சீட்டில் மேரி அக்கா. கார்மென்ட்ஸில் டெய்லர், அந்தக் கூட்டத்துக்குத் தலைவி. என் கையிலும் ஒரு முட்டையை வைத்தார். "துண்ணு மாஸ்டரு. அஞ்சி வாரமா எங்களுக்கு முட்டைதான். புள்ளைக்கு நல்ல மனசு."

எனக்கு வந்த கோபத்தில் அந்த முட்டை நசுங்கியது. அசோக்கின் வேலை, வயது வரம்பு, ஐம்பத்தெட்டு கிலோ எல்லாவற்றையும் பெட்டி முழுக்கக் கேட்கும்படி கத்தினேன். இனி அவன் கதவருகே நின்று தனியாகச் சாப்பிடட்டும் என்றேன்.

அசோக் தலை நிமிரவில்லை. "அது திருடித் துண்ற மாதிரி சார்" என்றான்.

மேரி அக்கா குரலை உயர்த்தாமல் பேசினார். "இவுங்க அப்பா செத்து ஒரு மாசம் இவன் டப்பா இல்லாம வந்தான் மாஸ்டரு. ஒரு நாளாவது பட்டினியா எறங்கினானா கேளு. வேலை விசயத்த இவன் எங்கள்ட்ட சொல்லல. நீயாவது மொதல்லயே வந்து சொல்லிருக்கலாம் இல்ல? சார்ட்டு எழுதத் தெரியுது, ரயில் ஏறத் தெரியலியா?"

நசுங்கிய முட்டையைத் தின்றேன்.

4. எட்டுப் பேருக்கு ஒரு சார்ட்

தனியே சாப்பிட மாட்டான் என்றால் எட்டு டப்பாவையும் திருத்த வேண்டும். ஆளுக்கு மூன்று முட்டை, ஒருவர் சோயா, ஒருவர் கொண்டைக்கடலை, ஒருவர் கடலை என்று பங்கு பிரித்தேன். உடனே குறை சொல்ல ஆரம்பித்தார்கள். ஒருவருக்குத் திங்கள்கிழமை முட்டை ஆகாது. ஒருவருக்கு சோயா வாசனை ஆகாது. சுகர் இருக்கிற பெரியவர், "அப்ப என் எடைய எவன் கொறைப்பான்?" என்றார். சார்ட்டில் இல்லாத மசால்வடை வாரம் இரண்டு நாள் வந்தது. கேட்டால், "வடைலயும் பருப்புதான?" என்றார்கள். ஆனால் அசோக்கின் பங்கு முடியாமல் நியூஸ்பேப்பரை மடிக்க மேரி அக்கா விடவில்லை. மாதம் இரண்டு கிலோவுக்கு மேல் ஏறியது. தேர்வுக்கு முந்தின ஞாயிறு ஐம்பத்தேழே முக்கால்.

தேர்வு நாளில் ரயிலிலேயே ஆறு வாழைப்பழம் ஊட்டி இறக்கிவிட்டார்களாம். ஐம்பத்தெட்டரை. வேலை கிடைத்துவிட்டது.

5. பக்கத்துக் கட்டில்

கதை இதோடு முடிந்திருக்க வேண்டும். ஹாஸ்டலுக்குப் போன மூன்றாவது வாரம் போன் வந்தது.

"சார், ரெண்டு கிலோ எறங்கிட்டேன். ஆறாவது மாசம் கன்ஃபர்ம் பண்றதுக்கு முன்னாடி திரும்பவும் எடை பாப்பாங்களாம்."

"மெஸ்ல முட்டை இல்லியா?"

"கீது சார். கேட்டா ரெண்டு கூடத் தராங்க. தனியா ஒக்காந்தா எறங்க மாட்டுது."

எனக்குத் தலையைச் சுவரில் முட்டிக்கொள்ளலாம் போலிருந்தது. கிராம் கணக்கு, கலோரி கணக்கு எல்லாம் படித்தவன் நான். யாரோடு உட்கார்ந்து சாப்பிடுகிறாய் என்று கேட்க எந்த வகுப்பிலும் சொல்லித்தரவில்லை. ஐந்து வாரமும் நூறு திட்டும் வீணாக்கித்தான் கற்றுக்கொண்டேன். இப்போது சார்ட் போடும் முன் அதைத்தான் முதலில் கேட்கிறேன்.

"பக்கத்துக் கட்டில்காரன் பேர் இன்னா?" என்று கேட்டேன்.

"தெரியாது சார்."

"மூணு வாரமாச்சிடா! போய் மொதல்ல அவன் பேரக் கேளு. அவன் பிளேட்ல ஒரு முட்டைய வை. மிச்ச கணக்க அப்புறம் நான் போடறேன்."